முப்பது அங்குலத் தொட்டி

சங்கரு, உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. கோட்டூர்புரம் வீட்டில் கூடத்துச் சுவர் வெறிச்சென்று இருக்கிறது, வசந்தா டிஸ்கஸ் மீன் வளர்க்க ஆசைப்படுகிறாள், எத்தனை அடித் தொட்டி வாங்கலாம், உங்களுக்குத் தெரியுமே என்று கேட்டிருந்தாய். தியாகராய நகரிலிருந்து கோட்டூர்புரம் என்ன பெரிய தூரமா? ஞாயிற்றுக்கிழமை நீயும் மருமகளும் சாப்பிட வந்தபோதே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் பேச்சை மாற்றியிருப்பேன். அது உனக்குத் தெரியும், அதனால்தான் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, எனக்கும் எழுதுவதுதான் தோதாக இருக்கிறது. முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமில்லை இது. கடையில் உச்சி வெயில் நேரத்தில் ஆள் வரமாட்டார்கள். கல்லாவில் உட்கார்ந்து பழைய பில் புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தொட்டியின் அளவை மட்டும் சொல்வதென்றால் ஒரு தபால் கார்டு போதும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அதற்குக் குறைந்து வாங்காதே. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, 'மீனைத் தண்ணீரில் விடுவதையும் தீனி போடுவதையும் வசந்தாவே பார்த்துக்கொள்ளட்டும், என் கை அதில் படவேண்டாம்' என்று. அந்த வரியை நாலு தடவை படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை, பாலத்துக்கும் ரோட்டுக்கும் படம் போடுகிற கை, ஒரு மீனைத் தண்ணீரில் விடப் பயப்படுகிறது. அந்தப் பயத்தை உனக்குக் கொடுத்தவன் நான். பொய் என்று தெரிந்தே கொடுத்தேன். அதைச் சொல்லாமல் நாலடி என்று மட்டும் எழுதி அனுப்பினால் நான் மனுஷனே இல்லை.

உனக்கு நினைவிருக்கும், இருந்தாலும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நீ எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் பணக்கார வீட்டுக் கூடம் மாதிரி செட் போட்டிருந்தார்கள். அதில் வைக்க மீன் தொட்டி கொடுத்தவர் காதர் பாய். மயிலாப்பூரில் மீன் கடை வைத்துக்கொண்டு, ஸ்டுடியோக்களுக்கு மீன், புறா, கிளி எல்லாம் வாடகைக்கு அனுப்புவது அவர் தொழில். அவர் வீட்டுக்கு ரம்ஜான் துணி வருஷாவருஷம் நம் கடையில்தான். சிங்கப்பூர்க் கப்பலில் வேலை பார்த்த மச்சான் மூலமாக அவருக்கு ஆறு டிஸ்கஸ் வந்திருந்தன. படப்பிடிப்பு முடிந்ததும், யாராவது ஆசையாக வளர்ப்பவர்கள் இருந்தால் கொடுத்துவிடலாம் என்று கடையில் வந்து சொன்னார். உன்னைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். தாம்பாளத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி வட்டமாக, காப்பிக் கலர் உடம்பில் நீலக் கோடு ஓட, அவை சாவகாசமாகத் திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. நீ கண்ணாடியில் மூக்கை வைத்தவன் எடுக்கவே இல்லை. நீ நகர்ந்த பக்கமெல்லாம் ஒரு மீன் கூடவே வந்தது. "எப்பா, அது என்னையத்தான் பாக்கு" என்றாய். அங்கேயே பேசி முடித்துவிட்டேன்.

காதர் பாய் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. "அண்ணாச்சி, மீன எட்துனு போ. ஆனா ஒண்ணு. இது கெண்ட மாதிரி இல்ல. இப்ப உள்ளங்கை அகலம் கீது, இன்னும் வளரும். ஒரு மீனுக்கு மூணு கொடம் தண்ணி வோணும். ஆறு மீனுக்கு பதினெட்டு கொடம். நாலடி தொட்டி போட்ரு. கொறஞ்சுதுன்னு வெச்சுக்க, ஒண்ண ஒண்ணு தொரத்தும், தண்ணி கெட்டுப்பூடும்" என்றார். நீ அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாய். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே நீளம், அகலம், உயரம் எல்லாம் பெருக்கிப் பார்த்து, "கிட்டத்தட்டப் பதினெட்டு கொடம் வருதுப்பா, பாய் சொன்னது சரிதான்" என்றாய். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்துக் கண்ணாடி பதித்துத் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, மறுநாள் சாயங்காலம் நாம் இரண்டு பேரும் போய் நாலடிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தோம். அதற்கு மறுநாள் நான் மட்டும் தனியாகப் போய் அதை முப்பது அங்குலமாக மாற்றினேன். ஏன் என்று நீ கேட்டாய், உன் அம்மா கேட்டாள், காதர் பாயும் கேட்டார். கூடத்தில் இடம் பற்றாது என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன். கூடத்தில் எட்டடிச் சுவர் காலியாகத்தான் கிடந்தது.

நிஜக் காரணத்தை இப்போது சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். மீன் கொண்டுவர நல்ல நாள் பார்க்கலாம் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். பின்பக்கத்தில் மனையடி சாஸ்திரம் போட்டிருந்தது. அறைக்கு இத்தனை அடி இருந்தால் இன்ன பலன் என்று வரிசையாக இருக்குமே, அது. ஆறடியில்தான் ஆரம்பம். நாலடிக்குப் பலனே கிடையாது. அத்தோடு மூடிவைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன், அடியை அங்குலமாக மாற்றிக்கொண்டேன். நாலடி என்றால் நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டுக்கு நேரே 'வீடு தீப்படும்' என்று இருந்தது. விரலை மேலே ஓட்டிக்கொண்டே போனேன். முப்பதில் 'லட்சுமி கடாட்சம்'. ஒன்றரை அடிக்குப் பதினெட்டு, அதற்கு 'எல்லாவற்றையும் இழப்பர்'. பதினாறுக்குச் செல்வம் சேரும். ஆகவே முப்பதுக்குப் பதினாறு, உயரமும் பதினாறு. தண்ணீர் ரொப்பி வைக்கிற கண்ணாடிப் பெட்டியால் வீடு எப்படியடா தீப்பிடிக்கும் என்று என் புத்திக்கு ஒரு நிமிஷம் தோன்றவில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் பக்கத்துத் தெருவில் ஒரு ஜவுளிக் கடை எரிந்துபோனது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. வேட்டிப் பேல்கள் மூன்று நாள் புகைந்துகொண்டே கிடந்தன. அந்தக் கடைக்காரர் எதிர் பிளாட்பாரத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு தீ என்கிற எழுத்தைக் கண்டாலே எனக்குப் பயம். இதை உங்களிடம் சொல்லியிருந்தால் உன் அம்மா ஒரே வார்த்தையில் தெளிய வைத்திருப்பாள். ஆனால் ஊரில் ஜோசியக்காரனைக் கண்டால் கேலி பேசுகிறவன் நான். என் மானம் போய்விடுமே. முப்பது அங்குலத் தொட்டி கொள்ளுகிற எட்டுக் குடம் தண்ணீரில் ஆறு மீனைப் போட்டதற்குக் காரணம் அந்த மானம்தான்.

அந்தத் தொட்டிக்கு நீ உழைத்த உழைப்பை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை இருக்கும், ஒரு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும் என்று காதர் பாய் சொன்னார் என்பதற்காக, குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு எழுந்து பிடித்து, அண்டாவில் ஊற்றி, மூடி போடாமல் வைத்து, மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் தொட்டியில் ஒரு குடத்தை ரப்பர் டியூபால் இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுவாய். பாயிடமிருந்து சிவப்புப் புழுவை ஈரத் துணியில் சுற்றி வாங்கி வருவாய். "சாக்கடப் புழுவ என் அடுப்படிப் பக்கம் கொண்டுவந்தே, தொலைச்சிருவேன்" என்று உன் அம்மா கத்துவாள். ஒரு மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பெரிய மீன் மற்றதையெல்லாம் துரத்த ஆரம்பித்தது. ஓட இடம் இருந்தால் தப்பிக்கும், அங்கே எங்கே இடம்? இரண்டு மீன் கறுத்துப்போய், துடுப்பைச் சுருக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கின. நீ என்னிடம் வந்து, "எப்பா, தொட்டி பத்தலப்பா" என்றாய். "நீ தீனிய அள்ளிக் கொட்டுதே, அதான் தண்ணி கெடுது. தொட்டிய ஏன் கொற சொல்லுதே" என்று விரட்டிவிட்டேன்.

அந்த இரண்டும் செத்த மறுநாள் காதர் பாய் கடைக்கு வந்தார். இது உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியவே கூடாது என்று நான் பார்த்துக்கொண்டது இது. சேலை விரித்துக்கொண்டிருந்த என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, புள்ள மேல தப்பு இல்ல. எட்டு கொடம் தண்ணில ஆறு மீனு, அதும் அழுக்குல அதே நீந்திகினு கீது. புள்ள தெனிக்கும் தண்ணி மாத்துனதாலதான் இத்தினி நாள் தாங்கிச்சு. எங்கிட்ட ஸ்டுடியோ தொட்டி ஒண்ணு சும்மா கெடக்குது, நாலடி. நாளைக்கே வண்டில ஏத்தி அனுப்பறேன், காசு ஒண்ணியும் வோணாம். நாலு மீனு கீது, பொழச்சிக்கும்" என்றார். நான் வேண்டாம் பாய் என்றேன். ஏன் என்று கேட்டார். வேண்டாமென்றால் வேண்டாம் என்றேன். "ஸ்கூல் உட்டதும் நம்ம கடையாண்ட வந்து நிக்குது அண்ணாச்சி. 'பாய், நான் இன்னா தப்பு பண்றேன்'னு கேட்டுகினே கீது. உன் மேல தப்பில்ல, தொட்டி சின்னதுன்னு நானே சொல்லிடட்டா?" என்றார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் நுழைய வேண்டாம் என்று நினைத்திருப்பார், பாவம். வாயைத் திறக்கவே இல்லை. போன வருஷம் அவர் தவறிப்போனபோது போய் நின்றேன். எல்லோரும் அழுதார்கள். எனக்கோ, இனி இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா குடும்பத்தோடு வந்தார். அதிசய மீன் வந்திருக்கிறது என்று நான்தான் பெருமையடித்துக் கூப்பிட்டிருந்தேன். மாடி வீட்டுக்காரர்களும் இறங்கி வந்திருந்தார்கள். காலையில்தான் இன்னும் இரண்டு மிதந்திருந்தன. நீ வலைக்கரண்டியால் அவற்றை எடுத்துக்கொண்டிருந்தபோது எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். "என்ன அண்ணே, மீனு மெதக்கு?" என்று சித்தப்பா கேட்டார். எனக்கு எல்லாம் தெரியும், சங்கரு. நாலு நாளைக்கு முன்னால் ஒருவர் வந்து புட்டுப் புட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தெரிந்துகொண்டே, அத்தனை பேர் முன்னால், "நான் நல்லாத்தான் வாங்கிக் குடுத்தேன். இவன் கை பட்டா எது வெளங்கும்? வெளங்காத கை" என்றேன். நீ வலையைக் கீழே வைத்தாய். ஈரக் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாய். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். நீ அழுதிருந்தால், எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால், நான் அங்கேயே உடைந்து சொல்லியிருப்பேனோ என்னவோ. அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு யோக்கியதை இல்லை. நீ பதின்மூன்று வயதுப் பிள்ளை, நான் நாற்பது வயது ஆள்.

புதன்கிழமைக்குள் மிச்சம் இரண்டும் போய்விட்டன. தொட்டியை நானே பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். மீன் போனது போகட்டும். அந்த வார்த்தை போகவில்லையே. அதற்கு முன்னால் லீவு நாளில் நீ கடைக்கு வந்தால் முதல் போணி உன் கையால்தான். கடை திறந்து முதல் பொட்டலத்தை நீ எடுத்துக் கொடுத்தால் அன்றைக்கு வியாபாரம் சூடு பிடிக்கும், சங்கரு கை தங்கக் கை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். அந்தப் பொங்கலுக்கு நீ வழக்கம்போல வந்து முன்னால் நின்றாய். நான் பொட்டலத்தை உன் தலைக்கு மேலாக நீட்டிக் கடைப் பையனிடம் கொடுத்தேன். கொடுக்க வேண்டும் என்று நினைத்துக் கொடுக்கவில்லை, கை தானாகப் போய்விட்டது. நான் சொன்ன பொய்யை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன், அதுதான் கொடுமை. அதற்கப்புறம் நீ கடைப்பக்கம் வரவில்லை. பையன் படிப்பில் கெட்டி, வியாபாரத்தில் நாட்டமில்லை என்று கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டேன். உன் அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போட மைத்துனனைக் கூப்பிட்டார்கள். நீ சித்தப்பா மகனை முன்னால் தள்ளிவிட்டுவிட்டு, பந்தலுக்குப் பின்னால் போய் சமையல்காரர்களோடு நின்றாய். உறவுக்காரர்கள் கேட்டதற்கு, "அவனுக்கே தெரிஞ்சு ஒதுங்கிக்கிடுதான், விடுங்க" என்று உன் அம்மா சொன்னாள். நான் சந்தனக் கிண்ணத்தை அடுத்தவருக்கு நீட்டினேன்.

சரி, நீ கேட்டதற்கும் ஒழுங்காகப் பதில் எழுதிவிடுகிறேன். வெட்கத்தை விட்டுக் காதர் பாயின் மகனிடம் போய்க் கேட்டு வந்தேன், அவன்தான் இப்போது கடையைப் பார்க்கிறான். முதலில் சின்னத் தொட்டியில் பழகிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே. சின்னத் தொட்டியில் ஒரு நாள் தவறினால் அன்றைக்கே தண்ணீர் கெட்டுவிடும், பெரிய தொட்டி கொஞ்சம் பொறுக்கும். இரண்டு மீன் மட்டும் போதும் என்றும் நினைக்காதே. இரண்டு இருந்தால் ஒன்று இன்னொன்றை விரட்டிக்கொண்டே இருக்கும். ஐந்தாறு சேர்ந்து இருந்தால்தான் இந்த மீனுக்குத் தைரியம். அதற்குத்தான் நாலடி. ஒன்றரை அடி உயரம் எதற்கென்றால், இது படுத்து வளருகிற மீன் இல்லை, நின்று வளருகிற மீன், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். நீ இருப்பது இரண்டாவது மாடி. பதினெட்டுக் குடம் தண்ணீர் நாலு ஆள் எடைக்குக் குறையாது, சுவர் ஓரமாக, அடியில் உத்தரம் போகிற இடமாகப் பார்த்து வை. அது எனக்குத் தெரிவதைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஜன்னல் வெயில் நேராக விழ வேண்டாம். தண்ணீர் ரொப்பியதும் மீனை விட்டுவிடாதே, ஒரு மாதமாவது ஓடட்டும். பஞ்சாங்கத்தை மட்டும் தொடாதே. மீனை விடும்போது நீயே விடு. இதை அப்பனாக உத்தரவு போட எனக்கு வாயில்லை, கெஞ்சித்தான் கேட்கிறேன்.

இதுவரைக்கும் எழுதியதை நேற்று மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுபோய் உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உனக்கு அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் சொல்லாமல் இருப்பது இன்னொரு திருட்டுத்தனம் என்று தோன்றியது. மோர் விட வந்தவள் செம்பைக் கையில் பிடித்தபடியே நின்று கேட்டாள். காதர் பாய் கடைக்கு வந்த இடம் வந்ததும் செம்பைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். முடிந்ததும், "எம்புள்ளைய நானும்லா ஒதுக்கி வச்சேன்" என்றாள். பிறகு, "இத்தன வருசமா வாயத் தொறக்காம இருந்துட்டு இப்ப எதுக்குச் சொல்லுதிய?" என்று கேட்டாள். "தொட்டி அளவு கேட்டு எழுதியிருக்கான்லா" என்றேன். "கேக்காட்டா?" என்றாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல முடியாததை உனக்குச் சொல்லிவிடுகிறேன், மன்னிப்பதா வேண்டாமா என்பதை இதையும் தெரிந்துகொண்டே நீ முடிவு செய். கேட்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன், சங்கரு.

உன் அப்பா